போர்க்கால உற்பத்தி: தலைமை எடுத்த எந்த முடிவு உண்மையில் போரைத் திருப்பியது?

சுழல்தண்டு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி வானத்தை ஏன் இழந்தது என்று கேட்டால் பலரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். மெசர்ஷ்மிட் 262 ஜெட் விமானம் கையில் இருந்தது. அதைச் சண்டை விமானமாக விடாமல் குண்டுவீச்சு விமானமாக மாற்றச் சொன்னார் ஹிட்லர். அந்த ஓர் ஆணையால் எல்லாம் கெட்டது என்பது வாதம்.

எனக்கு இது அரைகுறையாகப் படுகிறது. தலைவர் வாயால் இடும் ஆணைக்கும் பட்டறையிலிருந்து வெளியே வரும் பொருளுக்கும் நடுவே என்னென்ன இருக்கிறது? எந்த வகை முடிவு கணக்கை உண்மையிலேயே மாற்றுகிறது? பாகங்களோடும் எண்களோடும் பேசுவோம். தளபதிகளின் வீரம், உளவு, பனிக்காலம் எல்லாம் வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

உலைக்களம்

ஆணை இட்டது உண்மை. 1943 நவம்பர் 26 அன்று இன்ஸ்டர்பர்க் விமானத் தளத்தில் ஹிட்லர் அந்த விமானத்தைப் பார்த்தார், குண்டு தூக்குமா என்று கேட்டார், தூக்கும் என்று பதில் கிடைத்தது. 1944 மே மாதம், கட்டியவை எல்லாம் சண்டை விமானங்களே என்று தெரியவந்ததும் கொதித்துப்போய் ஆணையைக் கடுமையாக்கினார். ஆனால் அந்த மே மாதத்தில் குண்டு தூக்கவோ சண்டை போடவோ தேவையான எண்ணிக்கையில் எஞ்சினே இல்லை. விமான உடல்கள் எஞ்சினுக்காகக் காத்துக்கிடந்தன.

அந்த விமானத்தின் யூமோ 004 ஜெட் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பைன் பிளேடு செஞ்சூட்டில் சுழல வேண்டும். அதற்கு நிக்கல், குரோமியம், கோபால்ட் கலந்த உலோகம் தேவை. முதல் வடிவத்தில் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள், எஞ்சினும் ஓடியது. பெருமளவில் செய்யப்போனால் அவ்வளவு நிக்கல் நாட்டிலேயே இல்லை. அதனால் 004பி வடிவத்தில் எரி அறையைச் சாதாரண எஃகுத் தகட்டில் செய்து மேலே அலுமினியப் பூச்சு கொடுத்தார்கள். பிளேடை உள்ளே குழலாக்கி, அதன் வழியே குளிர்காற்றைச் செலுத்தினார்கள். நெருக்கடியில் செய்த அருமையான பொறியியல் அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதுக் கோளாறைக் கூட்டிவந்தது. 1943-இல் பிளேடுகள் முழு வேகத்தில் அதிர்ந்து முறிந்தன. எரி அறைகளிலிருந்து வரும் துடிப்பும் பிளேடின் சொந்த அதிர்வும் ஒத்துப்போனதுதான் காரணம். பிளேடைச் சற்றுக் குட்டையாக்கி, சுழற்சியை நிமிடத்துக்கு 9,000-இலிருந்து 8,700 ஆகக் குறைத்த பிறகே அது அடங்கியது. அதற்குள் ஆண்டு முடிந்துவிட்டது.

பிறகும் ஓர் எஞ்சினின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம். எரிபொருளைக் கூட்டிக்குறைக்கும் த்ராட்டிலை வெடுக்கென்று தள்ளினால் வெப்பம் எகிறும், அல்லது தீ அணைந்துவிடும். மொத்தம் கட்டியவை சுமார் 1,430. அவற்றில் படைப்பிரிவுகளுக்குப் போய்ச் சண்டையிட்டவை ஒரு சிறு பங்கு.

ஆகவே ஹிட்லரின் அந்த ஆணையால் சில வாரங்கள் போயிருக்கலாம். நிக்கல் இல்லாத குறைதான் ஆண்டுக்கணக்கில் தின்றது.

பல்சக்கரம்

உலைக்களம் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் தலைவர் நேரடியாகத் தலையிட்டுக் கெடுத்ததற்கும் சான்று உண்டு. பாந்தர் டாங்கியைப் பாருங்கள்.

1941-இல் சோவியத் டாங்கியான டி-34ஐ எதிர்கொண்ட அதிர்ச்சியில் ஜெர்மனி 30 டன் வகையில் ஒரு டாங்கி கேட்டது. வடிவமைப்பு வளர வளர எடை ஏறியது. முன்கவசத்தை 60 மில்லிமீட்டரிலிருந்து 80 ஆக்கச் சொன்னவர் ஹிட்லரே. கடைசியில் 45 டன் வந்து நின்றது. எடை ஏறும்போது சக்கரத்துக்குச் சுழல்விசையைக் கொண்டுபோகும் கடைசி கியர்ப்பெட்டியும் வலுவாக வேண்டும். அதற்குச் சரியான வழி, நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி மூன்று நான்கு சிறு சக்கரங்கள் என்று சுமையைப் பகிரும் கோள்வகைக் கியர். அதைச் செய்யும் கியர் வெட்டும் எந்திரங்கள் போதுமான அளவில் இல்லை. அதனால் நேர்ப்பல் கொண்ட சாதாரணக் கியரைப் போட்டார்கள். 45 டன்னை நகர்த்தும் விசை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சமயத்தில் ஓரிரு பற்களின் மேல் விழுந்தது. உலோகக் கலவையும் மட்டம். போருக்குப் பின் பாந்தரை ஓட்டிப்பார்த்த பிரெஞ்சு இராணுவம், அந்தக் கியர்ப்பெட்டியின் சராசரி ஆயுளை 150 கிலோமீட்டர் என்று கணித்தது.

இன்னொன்று தேதி. பாந்தர்கள் வரட்டும் என்று ரஷ்யாவில் குர்ஸ்க் தாக்குதலை மே மாதத்திலிருந்து 1943 ஜூலை 5 வரை தள்ளிவைத்தார் ஹிட்லர். அந்த இரண்டு மாதத்தில் எதிரே சோவியத் படைகள் அடுக்கடுக்காகப் பதுங்குகுழியும் கண்ணிவெடியும் போட்டு முடித்தன. வந்து சேர்ந்த பாந்தர்கள் 200. ஜூலை 10 மாலை முன்வரிசையில் ஓடும் நிலையில் இருந்தவை சுமார் 10. கண்ணியிலும் பீரங்கியிலும் அடிபட்டவை உண்டு. எஞ்சின் தீப்பிடித்தவையும் கியர் உடைந்தவையும் நிறைய.

பழுதானால் சரிசெய்வதைப் பாருங்கள். அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் மூக்குப் பகுதியே போல்ட்டால் முடுக்கிய ஒரு மூடி. போல்ட்டுகளைக் கழற்றினால் கியர்ப்பெட்டியோடு மொத்தமாக வெளியே வரும். கிரேன் வண்டி ஒன்று இருந்தால் வயல்வெளியிலேயே மாற்றிவிடலாம். பாந்தரில் ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள கவசத் தகட்டைத் தூக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் பிரித்து, அந்தத் துளை வழியே கியர்ப்பெட்டியை மேலே இழுக்க வேண்டும்.

மாதக் கடைசியில் மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் முழு டாங்கிகளின் எண்ணிக்கைதான் முதலில் நிற்கும். உதிரிபாகம் செய்தால் அந்த எண்ணிக்கை குறையும். எனவே உதிரிபாகம் எப்போதும் பின்வரிசை. கியர்ப்பெட்டி இல்லாமல் பாதையோரம் நின்ற டாங்கிகள், பின்வாங்கும்போது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

வடவரை

சோவியத் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். ஒரே முடிவு போரைத் தீர்மானித்தது என்று சொல்லக்கூடியது இருந்தால் அது இதுதான்.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனியின் படையெடுப்பு. ஜூன் 24 அன்றே இடமாற்றக் குழு அமைக்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் 1,500-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் யூரல், வோல்கா, சைபீரியப் பகுதிகளுக்கு ரயிலில் போயின. கார்கிவ் டாங்கி ஆலை நிஸ்னி தாகில் ரயில்பெட்டி ஆலைக்குள் போனது. லெனின்கிராடு கீரவ் ஆலையின் பெரும்பகுதியும் கார்கிவ் டீசல் எஞ்சின் ஆலையும் செல்யாபின்ஸ்க் டிராக்டர் ஆலையோடு சேர்ந்தன.

ரயிலில் ஏற்றினால் போதும் என்று நினைக்கக்கூடாது. எந்திரம் ஒரு வண்டியில், அதன் மோட்டார் இன்னொன்றில், வரைபடங்கள் மூன்றாவதில், பழகிய தொழிலாளி நான்காவதில். ஒன்று தவறிப்போனால் மற்ற மூன்றும் வெறும் சுமை. பல ஆலைகளில் கூரை வரும் முன்பே எந்திரங்களைத் தரையில் பதித்து மின்கம்பி இழுத்தார்கள்.

இரண்டாவது முடிவு, வடிவமைப்பை உறையவைத்தது. டி-34-க்குப் பதிலாக மேம்பட்ட டி-34எம் வருவதாக இருந்தது. போர் தொடங்கியதும் அதைக் கைவிட்டார்கள். அதன்பின் டி-34-இல் அனுமதித்த மாற்றங்களில் பெரும்பாலானவை செய்நேரத்தையும் பொருளையும் மிச்சப்படுத்துபவை. ரப்பர் கிடைக்காதபோது சக்கரத்தின் வெளிவிளிம்பில் ரப்பர் இல்லாமல் முழு எஃகுச் சக்கரம் போட்டார்கள். வண்டி தடதடவென்று நடுங்கினாலும் நகர்ந்தது. பாட்டன் வெல்டிங் ஆய்வு நிறுவனம் நிஸ்னி தாகிலில் நிறுவிய தானியங்கி வெல்டிங்கால், தேர்ந்த வெல்டர் பல மணி நேரம் போட்ட தையலை, புதிதாகச் சேர்ந்த பெண்களும் சிறுவர்களும் எந்திரத்தைக் கொண்டு போட முடிந்தது. 1941-இல் சுமார் 2,69,500 ரூபிள் ஆன டாங்கி 1943-இல் சுமார் 1,35,000-க்கு வந்தது.

இதற்கு விலையும் கொடுத்தார்கள். ஜெர்மனியின் பாந்தர், டைகர் டாங்கிகள் வந்தபின் 76 மில்லிமீட்டர் பீரங்கி போதவில்லை என்பது 1943 கோடையிலேயே தெரிந்தது. 85 மில்லிமீட்டர் பீரங்கியோடு டி-34 வந்தது 1944 தொடக்கத்தில். அந்த இடைவெளியில் உள்ளே இருந்தவர்கள் செத்தார்கள். வடிவமைப்பை உறையவைத்ததைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுழல்தண்டு

வடவரை, டாங்கி ஆலையாக மாறியவற்றில் ரயில் ஆலைகளும் இருந்தனவே. அப்படியானால் ரயில் எஞ்சின் யார் செய்தார்கள்? ரயில் இல்லாமல் டாங்கி முன்வரிசைக்குப் போகாதே.

வடவரை

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். கிட்டத்தட்ட யாரும் செய்யவில்லை. உள்நாட்டில் ரயில் எஞ்சின் உற்பத்தி ஏறக்குறைய நின்றேபோனது. நேசநாடுகளுக்குப் போர்ப்பொருள் கொடுத்த கடன் குத்தகைத் திட்டத்தில் அமெரிக்கா சுமார் 1,900 ரயில் எஞ்சின்களும், 4 லட்சம் அளவுக்கு லாரி, ஜீப்புகளும் அனுப்பியது. அமெரிக்க டாங்கிகள் எத்தனை வந்தன என்று எண்ணுவதைவிட, அமெரிக்க ரயில் எஞ்சின் வந்ததால் எத்தனை சோவியத் ஆலைகள் டாங்கியிலேயே நிற்க முடிந்தது என்று எண்ணுவதுதான் பொருத்தம்.

கணக்கன்

அமெரிக்கா என்றால் எல்லாம் தானாகக் கொட்டியது என்ற எண்ணம் இருக்கிறது. 1942-இல் நிலைமை அப்படி இல்லை.

1942 ஜனவரி 6 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் இலக்குகளை அறிவித்தார்: அந்த ஆண்டு 60,000 விமானம், 45,000 டாங்கி, அடுத்த ஆண்டு 1,25,000 விமானம், 75,000 டாங்கி. பெரிய எண், ஊக்கம் தரும் எண். ஆனால் ஒவ்வொரு துறையும் இந்த எண்களைக் காட்டி ஒப்பந்தம் போட்டுத்தள்ளியது. எந்த ஒப்பந்தம் முதலில் என்பதற்கு ஏ-1 என்று முன்னுரிமைத் தரம் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் எல்லாமே ஏ-1. அதற்கு மேல் ஏஏ, அதற்கும் மேல் ஏஏஏ. எஃகு ஆலைக்காரர் கையில் ஆர்டர் மலையாகக் குவிந்திருக்கும், எல்லாவற்றிலும் உச்சத் தரம். முன்னுரிமைச் சீட்டு என்பது வரிசையில் முன்னே நிற்கும் உரிமை மட்டுமே. கடையில் சரக்கு இருக்கிறது என்ற உறுதி அல்ல. விளைவு, கப்பல் பாதி கட்டி நிற்கும், வால்வு வராது. டாங்கி நிற்கும், பியரிங் வராது. பாதி முடிந்த பொருளுக்குள் எஃகும் செம்பும் முடங்கிக்கிடக்கும். அதுதான் மிகப்பெரிய வீண்.

அந்த ஆண்டு சைமன் குஸ்நெட்ஸ், ராபர்ட் நேதன் ஆகிய பொருளாதார அறிஞர்கள், நாட்டின் மொத்த உற்பத்தித் திறனைக் கணக்கிட்டு, இலக்குகள் கைக்கு எட்டாதவை, எல்லாவற்றையும் துரத்தினால் எதுவும் முழுதாகக் கிடைக்காது என்று எழுதினார்கள். இராணுவ வழங்கல் தலைவர் ஜெனரல் சோமர்வெல் கடுமையாக எதிர்த்தார். சண்டை பெரிதானது, முடிவில் 1943-க்கான இலக்குகளைக் குறைத்தார்கள். 75,000 டாங்கி என்று சொன்ன ஆண்டில் கட்டியது சுமார் 29,500.

1942 நவம்பரில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் திட்டத்தை அறிவித்தார்கள். அதன் உயிர்நாடி மூன்றே பொருள்கள்: எஃகு, செம்பு, அலுமினியம். வேலை செய்யும் விதம் இது. தரைப்படை, கடற்படை, கப்பல் வாரியம், கடன் குத்தகை என்று ஒவ்வோர் அமைப்பும் தன் பொருளுக்கான மூலப்பொருள் பட்டியலைக் கொடுக்க வேண்டும்: இத்தனை டாங்கிக்கு இத்தனை டன் தகடு, இத்தனை டன் கம்பி, எந்த மாதம். அரசின் போர் உற்பத்தி வாரியம் அந்தக் காலாண்டில் கிடைக்கக்கூடிய மொத்த டன்னைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வெட்டிக் கொடுக்கும். அவர்கள் தங்கள் பங்கை முதன்மை ஒப்பந்தக்காரருக்கும், அவர் துணை ஒப்பந்தக்காரருக்கும் பிரித்துத் தர வேண்டும். பங்கில்லாமல் ஒப்பந்தமில்லை. 1943 நடுவில் முழுமையாக அமலுக்கு வந்தது.

செம்புப் பற்றாக்குறை எந்த அளவு என்றால், 1943-இல் ஒரு சென்ட் நாணயத்தைத் துத்தநாகப் பூச்சு இட்ட எஃகில் அடித்தார்கள். அணுகுண்டுக்காக ஓக் ரிட்ஜில் கட்டிய யுரேனிய ஆலையின் மின்காந்தச் சுருள்களுக்குச் செம்பு ஒதுக்க முடியாமல், கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேல் வெள்ளியைக் கடன் வாங்கிச் சுற்றினார்கள்.

ஆழிக்கரை

பல்சக்கரம் கியர் வெட்டும் எந்திரத்தைச் சொன்னார். கப்பலிலும் அதே முடிச்சுதான், அமெரிக்கர்கள் அவிழ்த்த விதம்தான் வேறு.

லிபர்ட்டி சரக்குக் கப்பலுக்கு 1941-இல் போட்டது 2,500 குதிரைத்திறன் கொண்ட பழைய பிஸ்டன் நீராவி எஞ்சின். அந்தக் காலத்துக்கே பழையது. டர்பைன் போட்டால் வேகம் கூடும். ஆனால் டர்பைனுக்குச் சுழற்சியைக் குறைக்கும் கியர் வேண்டும், அந்தக் கியர் வெட்டும் திறன் முழுவதும் போர்க்கப்பலுக்குத் தேவை. எனவே 11 நாட் (மணிக்குச் சுமார் 20 கி.மீ.) வேகத்தில் ஊர்ந்தாலும் பரவாயில்லை, சாதாரண எஞ்சின் பட்டறை செய்யக்கூடிய எஞ்சின் என்று முடிவெடுத்தார்கள். ஒரு குறையை அறிந்தே ஏற்றுக்கொண்ட இந்த முடிவால் 2,710 கப்பல்கள் கிடைத்தன. முதல் கப்பலுக்கு எட்டு மாதம் பிடித்தது. பிறகு சராசரி சுமார் 42 நாள்.

கோளாறும் இருந்தது. தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைப்பதற்குப் பதிலாக வெல்டிங். ரிவெட் கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நிற்கும். வெல்டிங் செய்த உடல் ஒரே துண்டு. விரிசல் ஓடத் தொடங்கினால் நிற்க இடமில்லை. சரக்கறைத் திறப்பின் மூலைகள் சதுரமாக இருந்ததால் அழுத்தம் அங்கே குவிந்தது. அன்றைய எஃகு குளிர்நீரில் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை கொண்டது. இதைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் சோதனையில் காட்டினார். 1943 ஜனவரியில் போர்ட்லாந்தில் எஸ்.எஸ். ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. தீர்வாக மூலைகளை வளைத்தார்கள். விரிசலைத் தடுக்க நீளவாக்கில் ரிவெட் அடித்த பட்டைகளைச் சேர்த்தார்கள். தளத்தை நிறுத்தாமல், ஓடிக்கொண்டிருந்த வரிசையிலேயே திருத்தினார்கள்.

ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்று என்பதற்கு எல்.எஸ்.டி. என்ற தரையிறக்கக் கப்பல் இன்னும் தெளிவான சான்று. 1942-இல் அதற்கு உச்ச முன்னுரிமை. அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைச் சூறையாடத் தொடங்கியதும், முன்னுரிமையைக் காவல் கப்பல்களுக்கு மாற்றினார்கள். எஃகு, டீசல் எஞ்சின், வெல்டர் எல்லாம் அங்கே போயின. அன்று அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். அட்லாண்டிக் அடைபட்டிருந்தால் பிரான்சில் இறங்க ஆளே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் பலன் 1944-இல் தெரிந்தது. நார்மண்டித் தரையிறக்கம் மே மாதத்திலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனதற்கு ஒரு முக்கியக் காரணம், கூடுதலாக ஒரு மாத உற்பத்தி கிடைக்கும் என்பது. அதே நேரத்தில் நடக்கவேண்டிய தென்பிரான்ஸ் தரையிறக்கம் கப்பல் போதாமல் ஆகஸ்ட் 15-க்குப் போனது.

சுழல்தண்டு

அப்படியானால் ஜெர்மனியின் ஆயுத அமைச்சர் ஷ்பேர்? 1942 பிப்ரவரியில் அவருக்கு முன் அமைச்சராக இருந்த ஃபிரிட்ஸ் டோட் விமான விபத்தில் இறந்து ஷ்பேர் வந்தபின், ஜெர்மானிய ஆயுத உற்பத்தி மூன்று மடங்கானது என்பார்களே. 1942 ஜனவரி-பிப்ரவரி அளவை 100 என்று வைத்தால் 1944 ஜூலையில் 322. தலைமை மாறியதால் போக்கு மாறியதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

கணக்கன்

எண் சரி, அதை ஒருவர் கணக்கில் எழுதுவதுதான் சரியில்லை. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில், ஆலை என்பது இன்று ஆணையிட்டால் நாளை வருவதல்ல. கட்டடம், கடைசல் எந்திரம், பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக், வடிவம் கொடுக்கும் டை, ஆள் பயிற்சி எல்லாம் சேர்ந்து ஒன்றரை ஆண்டாவது பிடிக்கும். 1942-43-இல் பலன் தந்த முதலீட்டில் பெரும்பகுதி 1940-41-இல், டோட் காலத்திலும் விமானத் துறையில் மில்ஷ் கையிலும் போட்டது. அந்தக் குறியீட்டின் தொடக்கமும் உற்பத்தி தாழ்ந்திருந்த காலம். ஷ்பேர் செய்த உண்மையான வேலை, 1942 ஏப்ரலில் மத்தியத் திட்டக் குழு அமைத்து எஃகைப் பிரிக்கும் அதிகாரத்தை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. அது பெரிய வேலை, மறுக்கவில்லை.

இரண்டாவது, எதை எண்ணினார்கள் என்பது. 1944 மார்ச்சில் சண்டை விமானக் குழு அமைத்து, வாரம் 72 மணி நேர வேலையோடு, முக்கியமாக ஒற்றை எஞ்சின் சண்டை விமானத்தைத் தள்ளினார்கள். பெரிய குண்டுவீச்சு விமானத்தை நிறுத்திவிட்டுச் சிறியதைச் செய்தால் எண்ணிக்கை துள்ளிக் குதிக்கும். அந்த ஆண்டு ஜெர்மனி கட்டியவை சுமார் 40,000; அமெரிக்கா 96,000-க்கு மேல், அதில் நான்கு எஞ்சின் விமானங்கள் ஆயிரக்கணக்கில்.

மூன்றாவதுதான் கொடியது. 1944 மே 12 முதல் நிலக்கரியிலிருந்து எரிபொருள் செய்யும் ஆலைகள்மேல் குண்டுவீச்சு தொடங்கியது. அந்த ஆலைகளின் விமானப் பெட்ரோல் ஏப்ரலில் 1,75,000 டன், ஜூலையில் 30,000, செப்டம்பரில் 5,000. விமானம் உச்சத்தில், பெட்ரோல் பாதாளத்தில். பெட்ரோல் இல்லாததால் பயிற்சிப் பறப்பு வெட்டப்பட்டது. அரைகுறையாகப் பழகிய இளைஞர்கள் புத்தம்புது விமானத்தில் ஏறி முதல் சில பறப்புகளிலேயே விழுந்தார்கள். ஒரு சில இடங்களில் குவிந்த எரிபொருள் ஆலைகளைச் சிதறவைக்கும் வேலையை, அடி விழுந்தபின்தான் அவசரமாகத் தொடங்கினார்கள்.

நெய்தல்

ஜப்பானையும் ஒரு வரியில் சேருங்கள். தரைப்படை 12.7 மி.மீ., கடற்படை 13.2 மி.மீ. விமான எந்திரத் துப்பாக்கி, 20 மி.மீ. பீரங்கியும் தனித்தனி, குண்டு ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரு படைகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் அதிகாரம் எந்தப் பிரதமரிடமும் இல்லை. நகோயா ஆலையில் செய்த சீரோ சண்டை விமானத்தை ககாமிகஹாரா விமானத் தளத்துக்கு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோனார்கள், ஆலைக்குப் பக்கத்தில் ஓடுபாதை இல்லாததால்.

பல்சக்கரம்

உதிரிபாகத்தைப் பற்றி நான் மேலே சொன்னதற்கு மறுபக்கமாக ஒரு தலைமை முடிவு உண்டு. 1940 மே 14 அன்று பிரிட்டனில் விமான உற்பத்தி அமைச்சரானார் பீவர்புரூக். ஐந்தே வகைகளுக்கு உச்ச முன்னுரிமை: ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், பிளென்ஹெய்ம், வெலிங்டன், விட்லி. சண்டை விமான உற்பத்தி ஏப்ரலில் 256, மே 325, ஜூன் 446, ஜூலை 496. இதிலும் கணக்கன் சொன்ன காலதாமதம் பொருந்தும்: ஆலைகள் முன்பே போட்டவை, ஏற்றம் மே மாதமே தொடங்கிவிட்டது.

அவருடைய சொந்தப் பங்கு என்று நான் எடுத்துக்கொள்வது பழுதுபார்ப்பு. விழுந்த விமானங்களைப் பொறுக்கி, இறக்கை ஒன்றிலிருந்து, எஞ்சின் இன்னொன்றிலிருந்து என்று சேர்த்துத் திரும்பப் பறக்கவைக்கும் குடிமக்கள் பழுதுபார்ப்பு அமைப்பைத் தன் கையில் எடுத்து முடுக்கினார். அந்தக் கோடையில் சண்டைப் படைப்பிரிவுகளுக்குப் போன விமானங்களில் சுமார் 35 விழுக்காடு பழுதுபார்த்தவை. கட்டத் தொடங்கி இரண்டாண்டாகியும் ஒரு ஸ்பிட்ஃபயர்கூட வெளியே வராத காசில் பிராமிச் ஆலையை கார் உற்பத்தியாளர் நஃபீல்டிடமிருந்து பிடுங்கி விக்கர்ஸ் நிறுவனத்தின் கையில் கொடுத்தார். ஜூனில் முதல் பத்து வந்தன.

வடவரை

ஆனால் அதே பீவர்புரூக், நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமான வேலையைப் பின்னுக்குத் தள்ளினார், மற்ற துறைகளின் எந்திரங்களையும் பொருளையும் வாரிக்கொண்டார். அதை நல்ல முடிவு என்பீர்களா?

பல்சக்கரம்

1940 ஜூனில் ஆம். அதையே 1941 முழுவதும் செய்திருந்தால் கேடு. அவர் மே 1941-இல் அந்தப் பதவியை விட்டார். அதற்குள் கனரக விமானங்களுக்கான பொருளும் எந்திரங்களும் திரும்பப் போகத் தொடங்கிவிட்டன. ஹிட்லரின் பாந்தர் முடிவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடாக நான் பார்ப்பது இது: பீவர்புரூக் எதை நிறுத்துகிறோம் என்று பெயர் சொல்லி நிறுத்தினார். பாந்தரில் எடை, கவசம், தேதி, எண்ணிக்கை நான்கையும் கேட்டார்கள். கியர் வெட்டும் எந்திரம் எங்கிருந்து வரும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.